எடையும் ஊக்கமும்

மக்கள் வாழ்க்கை இந்நாளில் எண்களால் அளக்கப்படுவதாயிற்று. மாணவனுக்கு மதிப்பெண், ஊழியனுக்குச் சம்பளம், நோயாளிக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும். எண் பயனுடையது, அதனை யாம் மறுப்பேம் அல்லேம். ஆயினும், ஓர் எண் தன் எல்லையைக் கடந்து ஒருவரது ஒழுக்கத்திற்கும் மன உறுதிக்கும் விலை கூறப் புகுமாயின், அதனை அதற்குரிய இடத்தில் நிறுத்துதல் அறிவுடையார் கடனாகும். அவ்வாறு எல்லை கடக்கும் எண்களுள் ஒன்று உடலின் எடை. உடற்பருமன் என்னும் நோய் தீர அறுவை மருத்துவம் செய்துகொண்டவர்கள், சில காலங் கழிந்தபின் தம் எடை ஏறுவதும் இறங்குவதும் கண்டு மனமுடைந்து நிற்கின்றார்கள். அவர்களைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றேம்.

‘மருத்துவம் கற்பார் பேசத்தக்கதைத் தமிழ் கற்பார் பேசுவது என்னை?’ என்று சிலர் வினவலாம். வினா நேரியதே. இன்ன மருந்து உண்க, இன்னது செய்க என்று விதித்தல் எம் கருத்தன்று. அது மருத்துவர் கடன். ஆனால், அறுவை நிகழ்வது உடலில். மனமுடைவு நிகழ்வதோ பெரும்பாலும் சொல்லால். வீட்டார் சொல், அயலார் சொல், இவற்றைக் கேட்டுக் கேட்டு ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தே அவரை வீழ்த்துகின்றன. சொல்லைப் பற்றிப் பேசுதற்குச் சொல்லைக் கற்பார்க்கும் சிறிது உரிமை உண்டன்றோ?

முதற்கண் அவ்வறுவை இன்னதென்பதைச் சுருங்கக் காண்போம். 1966-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எட்வர்டு மேசன் என்னும் அறுவை மருத்துவர், இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதனைச் சிறு குடலொடு இணைக்கும் முறையைக் கையாண்டார். ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ என்று இன்று வழங்கும் முறைக்கு அது தோற்றுவாய். இக்காலத்தில் உலகெங்கும் மிகுதியாகச் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ என்னும் முறை. அதில், இரைப்பையின் முக்காற் பங்கிற்குக் குறையாத பகுதி வெட்டி நீக்கப்படும். எஞ்சுவது வாழைப்பழ வடிவினதாய ஒரு குழல். சென்னை, கோயம்புத்தூர், மதுரை முதலிய நம் நகரங்களிலும் இவ்வறுவைகள் நடைபெற்று வருகின்றன. இவை அழகுக்குச் செய்யப்படுவன அல்ல. நீரிழிவு, இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், முழங்கால் தேய்வு முதலிய துன்பங்கள் சூழ்ந்தபோது, உயிரைக் காத்தற்பொருட்டுச் செய்யப்படுவன.

பை சிறிதாயிற்று; ஆதலின் உணவு குறைந்தது; ஆதலின் எடை குறைந்தது: இவ்வளவே செய்தி என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அரைகுறை அறிவு. 1994-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பாரும் அவர்தம் துணைவரும் ‘லெப்டின்’ என்னும் சுரப்பை வெளிப்படுத்தினர். உடலிற் கொழுப்பு எவ்வளவு உள்ளதென மூளைக்கு அறிவிக்கும் தூது அது. 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கோஜிமா, காங்காவா என்பார் ‘கிரெலின்’ என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். பசியைத் தூண்டுவது அது. பெரும்பாலும் இரைப்பையிலேயே பிறப்பது. ஸ்லீவ் முறையில் வெட்டி நீக்கப்படும் பகுதியே கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் இடம். ஆதலின், அறுவைக்குப் பின் பல திங்கள் பசி அடங்கிக் கிடக்கின்றது. ‘எனக்கு உணவு நினைவே வருவதில்லை’ என்று நோயாளர் வியந்து கூறுவது இதனால்தான். அந்த அடக்கம் என்றும் ஒரு நிலையாய் நிற்பதன்று. காலப்போக்கில் உடல் புதிய நிலைக்குப் பழகுகின்றது. பசி சிறிது திரும்புகின்றது. சிறிய பை முன்னையினும் சற்று இடங் கொடுக்கின்றது. இவற்றுள் எதுவும் நோயாளர் செய்த குற்றமன்று.

இனி, எடை செல்லும் வழியைக் காண்போம். சுவீடன் நாட்டில் 1987-ஆம் ஆண்டில் ஒரு பேராராய்ச்சி தொடங்கியது. பருமனுடையார் 2,010 பேர்க்கு அறுவை செய்யப்பட்டது. அவரொடு ஒப்பிடத்தக்க 2,037 பேர் வழக்கமான மருத்துவம் பெற்றனர். இரு திறத்தாரையும் ஆராய்ச்சியாளர் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்தனர். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் கணக்கின்படி, பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் தம் எடையில் சராசரி நூற்றுக்கு 32 பங்கு இழந்தனர். பத்தாம் ஆண்டின் முடிவிலோ, அந்த இழப்பு 25 பங்காக நின்றது. ஏனைய இரு முறைகளில் அறுவை செய்துகொண்டவர்க்கும் அவ்வாறே. முதலிற் பேரிறக்கம், பின்னர்ச் சிறு ஏற்றம், அதன்பின் ஒரு நிலைபேறு.

இதனை நம் வீட்டுக் கணக்கால் விளக்குவோம். 120 கிலோ எடையுள்ள ஒருவர் இச்சராசரியின்படி நடப்பாராயின், இரண்டாம் ஆண்டில் ஏறக்குறைய 82 கிலோ இருப்பார். பத்தாம் ஆண்டில் 90 கிலோ இருப்பார். இடையில் ஏறியது 8 கிலோ. அவர் கண்ணுக்குப் புலனாவது அந்த 8 மட்டுமே! தொடக்கத்தினின்று நோக்கினால் 30 கிலோ குறைந்து நிற்கின்றார் என்பதை அவரும் மறந்தார், அயலாரும் மறந்தனர். ஆயிரம் ரூபாய்க் கடனில் முந்நூறு அடைத்தவன், பின்னர் ஐம்பது கடன் வாங்க நேர்ந்தபோது ‘முழுக் கடனும் மீண்டது’ என்று அழுவானாயின் நாம் என் சொல்வோம்?

அவ்வாராய்ச்சியில் இன்னொரு செய்தியும் உண்டு. சராசரி பதினோர் ஆண்டளவும் தொடர்ந்து பார்த்ததில், அறுவை பெறாதாருள் 129 பேர் இறந்தனர். அறுவை பெற்றாருள் இறந்தவர் 101 பேர். எடையிற் சிறிது மீளப்பெற்ற அந்த மக்களிடத்தேதான் இந்த நலன் காணப்பட்டது என்பதை உன்னுக. அவர்களுட் பெரும்பாலார்க்குச் செய்யப்பட்டவை இன்று அருகிவிட்ட பழைய முறைகள் என்பதையும் சொல்லிவிடல் நேர்மை. ஆயினும் அதனால் எம் கருத்து தளர்வதன்று. எடை ஏறுவதும் இறங்குவதும் அறுவையின் தோல்வியல்ல. அறுவையின் வரலாற்றிலேயே முன்னர் எழுதப்பட்டுள்ள ஓர் அதிகாரம் அது.

இது பல்லாண்டுக் கணக்கு. நாட்கணக்கோ இன்னும் விந்தையானது. இத்தாலி நாட்டுப் பாதுவா நகரிற் பேராசிரியராயிருந்த சாந்தோரியோ என்னும் மருத்துவர், துலாக்கோலில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் தாமே அமர்ந்து, உண்பதும் பருகுவதும் கழிவதும் அனைத்தையும் நிறுத்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இதனைச் செய்தார். 1614-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை நூலாக்கினார். அவர் கண்டது யாது? உட்கொண்ட பொருளின் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியும் மூச்சு வழியும் நீங்கிவிடுகின்றது. உடல் எடை ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகின்றது. நானூறு ஆண்டுகளுக்கு முன் அறியப்பட்ட இவ்வுண்மையை இன்றும் நாம் உள்ளத்திற் கொண்டோமில்லை.

நம் உடலிற் பெரும்பங்கு நீர். உப்பு மிகுந்தால் நீர் தங்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் மாச்சத்து ஒவ்வொரு கிராமும் தன்னொடு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மகளிர்க்கு மாதவிலக்கையொட்டியும் நீர் தங்கும். மலச்சிக்கல் ஒரு காரணம். புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியும் ஒரு காரணம். அறுவை நிகழ்ந்து மூன்று நான்கு கிழமைகளில் எடை இறங்காமல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. முதல் நாட்களில் விரைந்து வெளியேறிய நீரை உடல் ஓரளவு மீட்டுக்கொள்ளும் காலம் அது. ‘பட்டினி கிடந்தும் குறையவில்லையே!’ என்று புதிய நோயாளர் கலங்குவது அப்போதுதான்.

இதற்கும் ஒரு கணக்குச் சொல்வோம். ஒரு கிலோ கொழுப்புச் சேர வேண்டுமாயின், தேவைக்கு மேல் ஏறக்குறைய 7,700 கலோரி உண்ண வேண்டும். ஒருவர் ஒரு திருமண விருந்துக்குச் செல்கின்றார். மறுநாட் காலையில் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கின்றது. ‘எல்லாம் போயிற்று’ என்று தலையில் கை வைத்து உட்காருகின்றார். ஏறியது கொழுப்பாயின், முந்தின நாள் அவர் தம் தேவைக்கு மேல் 11,500 கலோரி உண்டிருத்தல் வேண்டும். நான்கு இட்டலி கொள்ளாத இரைப்பையில் அஃது எங்ஙனம் இயலும்? ஏறியது அப்பளத்தின் உப்பும் ஊறுகாயின் உப்பும் பிடித்து வைத்த நீர். இரண்டு மூன்று நாளில் அது தானே நீங்கும்.

முன்னாளில் நம் புகைவண்டி நிலையங்களில், காசு போட்டால் எடையை அச்சிட்டு ஒரு சிறு அட்டை தரும் இயந்திரங்கள் நின்றன. அவ்வட்டையில் எடையொடு ஒரு பலனும் அச்சிடப்பட்டிருக்கும்: ‘எண்ணிய காரியம் கைகூடும்’ என்றோ, ‘பொறுமை வேண்டும்’ என்றோ. எடைக்கும் பலனுக்கும் ஒரு தொடர்பும் இல்லையென்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆதலின் அது விளையாட்டாயிருந்தது. இன்று பலர் தம் குளியலறையிலுள்ள எடைப்பொறியின்மீது ஏறி, அச்சிடப்படாத பலனைத் தாமே படித்துக்கொள்கின்றனர்: ‘நீ மன உறுதியற்றவன்’, ‘நீ தோற்றாய்’. இது விளையாட்டன்று.

இது வெறும் மனவருத்தத்தோடு நிற்பதாயின், யாம் இவ்வளவு எழுதப் புகோம். அது உடலையும் வருத்துகின்றது என்பதற்கு எம் உறவினருள் ஒருவரைச் சான்றாகக் காட்டுகின்றேம்; அவர்தம் இசைவு பெற்றே எழுதுகின்றேம். எமக்கு அத்தை முறையாகும் அவ்வம்மையார் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 116 கிலோ எடையும் நீரிழிவும் முழங்கால் நோவும் உடையராயிருந்தார். பைபாஸ் அறுவை செய்துகொண்டார். ஒன்றரை ஆண்டில் 77 கிலோவாக இறங்கினார். ஊரே வியந்தது. நான்காம் ஆண்டில் 84 ஆயிற்று. தெருவில் ஒருவர், ‘என்ன அக்கா, திரும்பவும் பூசினாப்ல ஆயிட்டியளே! ஆபரேசனுக்குப் போட்ட ரூவா வீணாப் போச்சா?’ என்று கேட்டார். கேட்டவர் தீயவர் அல்லர். உசாவுதல் என்று எண்ணியே கேட்டார். அத்தையோ அன்று முதல் ஆண்டாய்வுக்கு மருத்துவமனை செல்வதை விட்டார். வைட்டமின் மாத்திரைகளையும், ‘இனி எதற்கு?’ என்று விட்டார்.

இரண்டாண்டு கழிந்தது. படியேறினால் மூச்சு வாங்கிற்று, பாதங்கள் மரத்தன, வகுப்பில் நின்று பாடம் நடத்த இயலவில்லை. மகள் வற்புறுத்தி அழைத்துச் சென்றார். குருதியில் இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் மிகக் குறைந்திருந்தன. ‘ரெண்டு வருசமா ஏன் வரல, டீச்சர்?’ என்று மருத்துவர் கேட்டார். ‘எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாரது, டாக்டர்? ஏழு கிலோ ஏறிட்டேனே’ என்றார் அத்தை. மருத்துவர் பழைய ஏட்டைப் புரட்டி, ‘முப்பத்திரண்டு கிலோ இன்னும் குறைஞ்சுதானே இருக்கீங்க? ஏழு கிலோவுக்கு நான் கோவிக்க மாட்டேன். வராம இருந்ததுக்குத்தான் கோவிப்பேன்’ என்றார்.

அந்தோ! அவருக்குத் தீங்கு செய்தது அந்த ஏழு கிலோவா? அன்று. ஏழு கிலோவைப் பற்றிய நாணமே தீங்கு செய்தது. இவ்வறுவை பெற்றவர் உடல் பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி முதலியவற்றை முன்போல் ஈர்த்துக்கொள்ளாது. ஆதலின் வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரையும் குருதி ஆய்வும் வேண்டும். நாணத்தால் மருத்துவமனையைத் தவிர்ப்பவர், எடை ஏற்றத்தினும் பன்மடங்கு பெரிய இடரைத் தேடிக்கொள்கின்றார். பி12 குறைவால் நரம்பு நெடுநாள் கெடுமாயின், முழுதும் மீளாமற் போதலும் உண்டு. எம் அத்தை ஊசியாலும் மருந்தாலும் சில திங்களில் தேறினார். எல்லார்க்கும் உரிய காலத்தில் அழைத்துச் செல்லும் மகள் வாய்ப்பதில்லை.

இனி, எதிர்வாதம் இரண்டினை ஆராய்வோம்.

‘வாயைக் கட்டியவர் எடையைக் கட்டுவர், ஏறியது அடக்கமின்மையால்’ என்பார் ஒரு சாரார். அவர்க்கு இரு செய்திகளைக் கூறுவோம். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45-ஆம் ஆண்டுகளில், அமெரிக்க நாட்டு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆன்சல் கீஸ் என்பார் உடல்நலம் மிக்க 36 இளைஞரை ஆராய்ந்தார். அவர்கள் மனச்சான்றின்பொருட்டுப் போருக்குச் செல்ல மறுத்தவர்கள். ஆய்வுக்குத் தாமே முன்வந்தவர்கள். மன உறுதிக்கு இவரினும் சிறந்தாரை எங்கே தேடுவது? ஆறு திங்கள் குறையுணவில் வைக்கப்பட்டு, எடையிற் கால் பங்களவு இழந்தனர். அவர்கள் இரவும் பகலும் உணவையே எண்ணினர். சமையல் நூல்களைப் படித்தனர். உடல் வெப்பமும் சத்துச் செலவும் சுருங்கின. உணவு மீண்டும் கிடைத்தபோது எவ்வளவு உண்டும் நிறைவு பெறாமல் தவித்தனர். மற்றொன்று: 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கடும் பயிற்சியால் எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஆய்ந்தது. அவர்கள் உடல், அவர்தம் பருமனுக்குச் செலவழிக்க வேண்டியதினும் நாள்தோறும் ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. இவர்கள் அறுவை செய்துகொண்டவர் அல்லர். ஆயினும், இழந்த எடையை மீட்கவே உடல் முயலும் என்னும் உண்மை இருவகைச் சான்றாலும் விளங்குகின்றது. பஞ்சத்திற்கு அஞ்சிச் சேர்த்துவைக்கும் பழக்கம் உடலுக்குத் தொன்மையானது. அதனொடு பொருதுகின்றவரை ‘அடக்கமிலார்’ என்பது, எதிர்நீச்சல் இடுவானைக் கரையில் இருந்து ‘சோம்பேறி’ என்பதனை ஒக்கும்.

‘ஏறுவது இயற்கையென்றால் எல்லாரும் கவலையற்றுப் போவரே’ என்பார் மற்றொரு சாரார். இவ்வாதம் முன்னதினும் வலியது. இதனை யாம் எளிதிற் புறந்தள்ளேம். சிற்றலைக்கும் பெருவெள்ளத்திற்கும் வேறுபாடு உண்டு. ஓரிரு கிலோ ஏறி இறங்குதல் சிற்றலை. திங்கள்தோறும் ஒரு திசையிலேயே ஏறிக்கொண்டு போதல் வெள்ளம். அதற்குக் காரணம் தேடல் வேண்டும். உணவு வேளைக்கு இடையிடையே முறுக்கும் மிச்சரும் கொறித்தல் ஒரு காரணமாகலாம். இனிப்பிட்ட காப்பியும் குளிர்பானமும் சிறிய இரைப்பையில் தங்காது வழிந்து செல்லுமாதலால், வயிறு நிறைந்ததென்னும் உணர்வு தோன்றாமலே சத்து ஏறும். தைராய்டுக் குறை, ஸ்டீராய்டு போன்ற மருந்து, கருவுறுதல், உறக்கமின்மை, மனச்சோர்வு என்பனவும் காரணமாகலாம். இவற்றுட் பலவற்றிற்குத் தீர்வு உண்டு. உணவியலார் அறிவுரை உண்டு. அண்மை ஆண்டுகளில் வந்த செமாக்ளூடைடு போன்ற மருந்துகளும் உண்டு. சிலர்க்கு மறு அறுவையும் உண்டு. ஆனால், இத்தீர்வுகள் யாருக்குப் பயன்படும்? மருத்துவரிடம் சென்றவர்க்கே. யார் செல்வார்? நாணாதவர். ஆகவே, பழிசொல் கவலையை வளர்க்குமன்றி விழிப்பை வளர்க்காது. அஞ்சியவன் ஒளிகின்றான், ஊக்கம் பெற்றவன் வருகின்றான்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை நம்மவர் நன்கு அறிவர். அதன் முதற்பகுதி அளவறிந்து உண்டலைப் பேசுகின்றது. அதனைப் பருமனுடையாரிடம் எடுத்துக்காட்டுவதில் நமக்குச் சலிப்பே இல்லை! அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளையோ நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் உண்டென்று வள்ளுவர் அங்கே வகுத்தார். நோயுற்றவர் ஒருவர், மருத்துவர் ஒருவர், மருந்து ஒன்று, உடனிருந்து துணை செய்வார் நான்காமவர். முதல் மூன்றும் அமைந்து நான்காவது இல்லையாயின் மருத்துவம் முழுமை பெறாது. அந்த நான்காம் உறுப்பு யார்? நாமே: வீட்டார், அயலார், உடன் பணிபுரிவார், நண்பர். எடை ஏறியதற்கு முதல் உறுப்பை மட்டும் குற்றங்கூறும் நாம், நான்காம் உறுப்பு தன் கடனைச் செய்ததா என்று என்றேனும் வினவினோமா?

நாம் செய்யத்தக்கன சில உள. நம் நாட்டில் ஒருவரைக் கண்டதும் உடலைப் பற்றிப் பேசுதலே நலம் உசாவுதலாக வழங்குகின்றது. ‘இளைச்சுட்டியளே’ என்பதும் ‘பூசினாப்ல இருக்கியளே’ என்பதும் அன்பின் சொற்களாகவே பிறந்தன. ஆயினும், அறுவை பெற்றவர் செவியில் அவை ஒவ்வொரு நாளும் நடைபெறும் தேர்வின் முடிவுகளாக விழுகின்றன. ‘நன்றாயிருக்கிறீர்களா? வீட்டில் அனைவரும் சுகமா?’ என்பதனோடு நிறுத்தினால் நம் அன்பு குறைந்துவிடாது. விருந்தோம்பல் தமிழர் அறம்; உண்மை. ஆனால், ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று இலையில் இடுவதும், கை தடுத்தால் ‘எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையா?’ என்பதும் அறமாகா. சிறிய இரைப்பையில் மிகுந்து இட்ட ஒரு கவளமும் நோவாகவும் வாந்தியாகவும் முடியும். உண்பவர் அளவறிந்து உண்ண இடங் கொடுத்தலே அவர்க்குச் செய்யும் விருந்து.

மருத்துவமனைகளுக்கும் ஒரு விண்ணப்பம். எடைப்பொறியைப் பலர் அமர்ந்திருக்கும் நடைக்கூடத்தில் வைத்து, எண்ணை உரக்கக் கூறி எழுதும் வழக்கம் ஆங்காங்கு உண்டு. அப்பொறியை ஒரு திரைக்குப் பின்னே வைப்பதற்குப் பெருஞ் செலவில்லை. ‘எவ்வளவு ஏறிற்று?’ என்பது முதல் வினாவாக இருத்தலினும், ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்பது முதல் வினாவாக இருத்தல் நன்று. மேலும், பத்தாண்டில் எடை செல்லும் வழியை அறுவைக்கு முன்னரே படம் வரைந்து காட்டுவாராயின், பின்னர் வரும் ஏற்றம் எவரையும் இடிபோல் தாக்காது.

நோயுற்ற அன்பர்களே! வயதில் இளையேம் உமக்கு அறிவுரை கூறத் துணியேம். ஆயினும் எம் வேண்டுகோள் ஒன்றைச் செவிமடுப்பீராக. நாள்தோறும் பலமுறை பொறியில் ஏறவேண்டா. கிழமைக்கு ஒருமுறை, அதே நாட் காலையில், அதே எளிய உடையில் ஏறி, எண்ணைக் குறித்து வைம்மின். ஒரு எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு மூன்று திங்களின் எண்களை ஒருங்கே வைத்துப் பார்மின். அதனருகே வேறு சிலவற்றையும் எழுதுமின்: எத்தனை படி ஏறினீர்? இடுப்பளவு யாது? சர்க்கரை எவ்வளவு? எந்த மாத்திரை நின்றது? பேரப்பிள்ளையைத் தூக்க முடிந்ததா? இவையும் அளவைகளே. பருப்பு, முட்டை, மீன், தயிர் முதலியவற்றால் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம் கொள்ளுமாறு மருத்துவர் பொதுவாகக் கூறுவர். உமக்குரிய அளவை உம் மருத்துவரிடம் கேண்மின். சத்து மாத்திரையை விடாதீர். இவை அனைத்தினும் முதன்மையாக, எண் எவ்வளவாயினும், ஆண்டாய்வு நாளன்று மருத்துவமனை வாயிலில் நில்மின். குறைந்தபோது செல்வது எளிது. ஏறியபோது செல்வதே ஆண்மை. இவ்வறுவை செய்துகொண்ட மற்றொருவரை அறிவீராயின், அவரொடு மனந்திறந்து பேசுமின். தமக்கு மட்டுமே நிகழ்ந்ததென்று கருதிய ஒன்று பலர்க்கும் நிகழ்ந்ததென அறியும்போதே, பாதிச் சுமை இறங்கிவிடும்.

எம்மொத்த மாணவர்க்கும் ஒரு சொல். பருமனாயிருக்கும் தோழரை நகையாடுதல் கல்லூரிகளில் சிறு விளையாட்டாகக் கருதப்படுகின்றது. நகையாடப்பட்டவர் பின்னாளில் நோயாளராகி, மருத்துவமனை வாயிலுக்கும் செல்ல நாணுகின்ற அந்த நாணத்தின் வித்து, விடுதியின் உணவுக்கூடத்திலேயே விதைக்கப்பட்டிருத்தல் கூடும். கற்றோம் என்பார் வாயினின்று அத்தகைய வித்து உதிராதிருத்தல் வேண்டும்.

துலாக்கோலை யாம் பழிப்பேம் அல்லேம். அது பொய் சொல்வதில்லை. ஆனால், அது சொல்வது நிறை ஒன்றையே. நேற்றுப் பருகிய நீர் எவ்வளவு, குறைந்து நிற்கும் நோய் எவ்வளவு, பட்ட பாடு எவ்வளவு என்பதை அது சொல்லாது. அவற்றைச் சொல்லவேண்டியவர் உடனிருக்கும் நாம். எண் ஏறும், இறங்கும். ஏறியபோதும் இறங்கியபோதும் ஒரே முகத்தோடு வரவேற்கும் வீடும், தெருவும், மருத்துவமனையும் நம் நாட்டிற் பல்குவனவாக! அவற்றால் நோயுற்றார் ஊக்கங் குன்றாது வாழ்வாராக!